பெரியப்பாவின் கைராசி

பெரியப்பா ஒரு கடையில் முதல் ஆளாகச் சாப்பிட்டால் அந்தக் கடை ஓகோவென்று ஓடும் என்று கோல் மார்க்கெட் வட்டாரத்தில் ஒரு பேச்சு இருந்தது. கிளப்பிவிட்டவர் சோலே பட்டூரா கடை சர்தார்ஜி. அவர் கடை திறந்த அன்று காலையில் பஸ்ஸைத் தவறவிட்டு, பசி தாங்காமல் போய் நின்ற முதல் ஆள் பெரியப்பா. அவர் நீட்டிய நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் சர்தார்ஜி அடுத்த பட்டூராவை எண்ணெயில் போட்டாராம். ஒரு வருஷம் திரும்புவதற்குள் பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுத்துவிட்டார். "பாபுஜி கா ஹாத் படா ஷுப் ஹை" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னார். ராசியான கை என்று ஒரு கைக்குப் பேர் வந்துவிட்டால் பிறகு அது அந்த மனிதருக்குச் சொந்தமில்லை, ஊருக்குச் சொந்தம்.

தொண்ணூறுகளின் கடைசி அது. தில்லியில் சாப்பாட்டுக் கடைகள் மழைக்கால ஈசல் மாதிரிக் கிளம்பின. நேற்று வரை ஸ்கூட்டர் நின்ற மூலையில் இன்று சௌமீன் நூடுல்ஸ் வண்டி நிற்கும். தையற்கடை திடீரென்று கண்ணாடி போட்டுக்கொண்டு பேஸ்ட்ரி கடையாகிவிடும். போணி விஷயத்தில், அதுதான், அன்றைய முதல் வியாபாரம் யார் கையால் என்கிற விஷயத்தில், வடக்கத்திக்காரர்களுக்கும் நம்மைப் போலவே பயபக்தி உண்டு. கடை திறக்கிறவர்கள் எல்லாரும் மத்ராசி பாபு வீடு எது என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

அப்பாவுக்கு அஸ்ஸாம் பக்கம் மாற்றலாகியிருந்ததால் அந்த வருடங்களில் நான் பெரியப்பாவின் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் தங்கி ஆரம்பப் பள்ளியில் படித்தேன். ஆபீஸிலிருந்து வந்து ஒரு ஷூவைக் கழற்றியிருப்பார். வாசலில் யாராவது பர்ஃபி டப்பாவோடு நிற்பார்கள். கழற்றிய ஷூவுக்குள் மறுபடியும் காலை நுழைப்பார்.

"ஏட்டி வா, ஒரு நடை போயிட்டு வந்துருவோம்" என்று என்னைக் கூப்பிடுவார்.

எனக்கும் ஒரு தட்டு கிடைக்கும் என்பதால் நான் எப்போதும் தயார். வழியில் அவர் தனக்குத்தானே பேசிக்கொண்டு வருவார். "உடம்ப சர்க்காருக்கு எழுதிக் குடுத்தாச்சு, வயித்த மார்க்கெட்டுக்குக் குடுத்தாச்சு. வீட்டுக்கு என்னத்த எடுத்துட்டுப் போக?" திரும்பி வந்ததும் பெரியம்மா ஓமத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே சொல்வாள்: "ஊர்ல எந்தக் கடை திறந்தாலும் மாப்பிள்ள இவுகதான்."

ஆனால் திறந்த கடைகள் நிலைக்கவில்லை. பத்துப் பேர் சாப்பிட வருகிற தெருவில் பதினோரு பேர் கடை போட்டால் எந்தக் கை வந்து என்ன செய்யும். முதலில் சௌமீன் வண்டியைக் காணோம். பிறகு பாவ்பாஜி கடையின் ஷட்டர் இறங்கியது. பேஸ்ட்ரி கடைக்காரன் சின்னப் பையன். கண்ணாடி அலமாரியை டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தவன் எங்களைப் பார்த்ததும், "சலோ அங்கிள், கிஸ்மத்" என்று சிரித்தான். தலைவிதி, நீங்கள் என்ன செய்வீர்கள் என்கிற சிரிப்பு. பெரியப்பா சிரிக்கவில்லை.

பெரியம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும், "உங்க கை பட்ட கடையெல்லாம் பென்ஷன் வாங்கிட்டுல்லா போகுது" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். அதற்குப் பெரியப்பா சிரித்தார். சிரித்துவிட்டுக் குழாயடிக்குப் போய் வெகுநேரம் சோப்புப் போட்டுக் கை கழுவினார். அன்று நாங்கள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. எதற்குக் கழுவுகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்தவளை நாங்கள் சேலத்து அக்கா என்போம். அவள் புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து கால் வளைந்துபோய்க் குடிசையில் கிடந்தார். காலைத் தரையில் ஊன்ற முடிந்ததும் மறுபடியும் சாரம் ஏறுகிறேன் என்று கிளம்பினாராம். அக்கா தோட்டை விற்றுவிட்டு ஒரு தள்ளுவண்டி வாங்கினாள். காதில் தோடு இருந்த இடத்தில் வேப்பங்குச்சி. பஸ் ஸ்டாப் பக்கத்தில் இட்லிக் கடை.

"சார் வந்து போணி பண்ணாப் போதும்" என்றாள், வாசற்படியில் நின்று ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே. "இது ஓடிடுச்சுன்னா எங்க வூட்டுக்காரரு இனிமே சாரம் ஏற வேணாம் சார். இந்தக் காலோட ஏறினாருன்னா முழுசா எறங்க மாட்டாரு."

எந்தக் கடைக்காரருக்கும் மறுப்புச் சொல்லாத பெரியப்பா அன்று, "பாப்போம்மா" என்றார்.

அவள் போனதும் பெரியம்மா பிடித்துக்கொண்டாள். "கண்டவன் கடைக்கெல்லாம் போனீங்கல்லா? நம்ம வீட்டுல பாத்திரம் கழுவுதவ கூப்பிட்டா மட்டும் கௌரவம் தடுக்குதோ?"

பெரியப்பா மேல் துண்டை எடுத்து உதறி மறுபடியும் மடித்து வைத்தார். எனக்கும் பெரியம்மா கேட்டது நியாயமாகத்தான் பட்டது.

கடை திறந்த அன்று காலையில் நல்ல மூடுபனி. அவர் குளித்து, திருநீறு பூசி, கோட் போட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். பால் பூத் வரைக்கும் வந்தோம். அங்கிருந்து பார்த்தால் வண்டியும் ஆவியும் மங்கலாகத் தெரியும். பூத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒரு நோட்டை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார்.

"நீ போய் வாங்கு. எனக்குக் கால் இழுக்கு."

போனேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை, என் தலைக்கு மேலே பார்த்தாள். "சார் எங்க கண்ணு?"

"கால் இழுக்காம்."

அவள் முகம் எப்படியோ ஆகிவிட்டது. நோட்டை வாங்கவில்லை. "சார் வரட்டும், இருக்கேன்" என்று இட்லிப் பானை மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஓர் ஆட்டோக்காரர் வந்து, "பெஹன்ஜி, இட்லி தோ. ஜல்தி" என்றார். அவரையும் "டெஹ்ரோ பையா" என்று காத்திருக்கச் சொல்லிவிட்டாள். அவர் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார். இன்னும் இரண்டு பேர் வந்து, நின்று, பஸ் வந்ததும் போய்விட்டார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். பூத் ஓரத்தில் பெரியப்பாவின் கோட் மட்டும் தெரிந்தது. அது நகரவில்லை.

வண்டிக்குப் பின்னால் பலகையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அவள் புருஷன்தான் கடைசியில் வாயைத் திறந்தார். "ஆவி போவுது புள்ள. கொழந்த கையும் கைதான. வாங்கு."

வாங்கினாள். கண்ணில் ஒற்றி, சாமி படத்தின் அடியில் செருகினாள். ஆட்டோக்காரர் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுச் சட்னி இன்னும் கொஞ்சம் கேட்டார். எனக்கும் ஒரு தட்டு. நாக்கு வெந்துபோகிற சூடு.

கடை ஓடியது. பஸ்ஸுக்கு நிற்கிற கிளார்க்குகளும் ஆட்டோக்காரர்களும் போதுமானதாக இருந்தார்கள். அக்காவின் புருஷன் உட்கார்ந்தபடியே சட்னி அரைத்துக் கொடுத்தார், சாரம் ஏறவில்லை. என் கை ராசியான கை என்று பெரியம்மா காலனி முழுக்கச் சொன்னாள். நானும் கொஞ்சநாள் அந்தக் கையைத் தனியாகவே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

பெரியப்பாவைப் போணிக்குக் கூப்பிட வருகிறவர்கள் மெல்லக் குறைந்து, பிறகு நின்றுபோனார்கள். மாலையில் ஷூவைக் கழற்றினால் கழற்றியதுதான். அது அவருக்கு நிம்மதியா வருத்தமா என்று கேட்கிற வயது எனக்கில்லை.

காலையில் என்னைப் பள்ளி பஸ் ஏற்றிவிட வரும்போது அக்காவின் வண்டியில்தான் அவரும் இட்லி சாப்பிடுவார். ஆனால் நேராகப் போக மாட்டார். பால் பூத் பக்கத்தில் பேப்பரைப் பிரித்துக்கொண்டு நிற்பார். நாலைந்து பேர் கையில் தட்டு வந்த பிறகு பேப்பரை மடிப்பார். ஒருநாள் பசி பொறுக்காமல் கேட்டேன். "இப்பவே போனா என்ன பெரியப்பா? சூடா இருக்குமே."

"எனக்குச் சூடு ஆகாதுட்டி" என்றார்.

நான் போய் அக்காவிடம் அப்படியே சொல்லிவிட்டேன். பாவம், அவளுக்கு அதில் ஒரு நிம்மதி. சாருக்கு எதைக் கொடுத்துக் கைம்மாறு செய்வது என்று தவித்துக்கொண்டிருந்தவள். மறுநாளிலிருந்து முதல் ஈடு வெந்து இறங்கியதும் ஒரு தட்டை எடுத்துச் சாருக்கென்று ஓரமாக ஆற வைத்துவிடுவாள். தில்லிக் குளிர். தட்டு பெரியப்பாவின் கைக்குப் போகும்போது இட்லி கல்லாகியிருக்கும். அவர் அதைச் சாம்பாரில் அழுத்தி அழுத்தி ஊறவைத்துத் தின்பார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, நல்ல காரியம் செய்தோம் என்ற திருப்தியோடு பஸ்ஸுக்குள்ளிருந்து கை காட்டுவேன்.

வீட்டில் காபி இம்மி ஆறியிருந்தாலும் டம்ளரைத் திருப்பி அனுப்புகிற மனிதர் அவர். ஒவ்வொரு முறையும் அதை அடுக்களைக்கு எடுத்துக்கொண்டு போனதும் நான்தான்.