கருத்து பிறகு

ஐம்பதுகளில், முல்லைத்தீவுக் கன்னியர் மடத்தில், பிரெஞ்சுக்காரச் சிஸ்டர் ஒருவர் எனக்கு மட்டும் தனியாகப் பிரெஞ்சு சொல்லித்தந்தார். நீளமான வினைச்சொற்களைத் துண்டு துண்டாக்கி, துண்டுக்கு ஒரு தரம் கைதட்டி உச்சரிக்க வேண்டும். டே-பா-ரா-சே. ரா-கோ-மோ-டே. சொல்லின் கருத்து என்னவென்று கேட்டால், "பிறகு" என்பார்.

"என்ர பிள்ளை சிஸ்டராகப் போறாள்" என்று அப்பா தன்னோடு கடலில் வலை இழுக்கும் கரைவலைக்காரர் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார்.

ஒரு வருடத்தில் என்னைப் பெரிய மடத்துக்கு அனுப்பினார்கள். முதல் நாள் மதியம், சாப்பிட்டு எழுந்த மதர், எச்சில் கோப்பைகள் கிடந்த மேசையைக் காட்டி, "டே-பா-ரா-சே" என்றார். பழக்கத்தில் நான்கு தரம் கைதட்டித் திருப்பிச் சொன்னேன்.

"உச்சரிப்பு நல்லாயிருக்கு" என்று கோப்பைகளை என்னிடம் நீட்டினார்.

வேலைக்காரி வேண்டுமென்று கேட்டிருந்தால் அப்பா என்னை அனுப்பியிருக்க மாட்டார். அது சிஸ்டருக்கு நன்றாகத் தெரியும்.

ரா-கோ-மோ-டேயின் கருத்து, ஒரு கூடை கிழிந்த துணியாக, மேலே குத்திவைத்த ஊசி நூலோடு, குசினி வாசலில் காத்திருந்தது.