முசரவாக்கம் ஈசானி மூலை

இது நடந்தது. ஆறு பெண்கள் வரப்பில் நின்று பார்த்திருக்கிறார்கள். அவர்களில் நான்கு பேர் இன்றும் முசரவாக்கத்தில்தான் இருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் போய்க் கேட்டுக்கொள்ளலாம். ராத்திரியில் நடந்ததாகச் சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். இது பட்டப்பகல். 2003 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை. மதியம் பன்னிரண்டிலிருந்து பன்னிரண்டேகாலுக்குள்.

மரியம்மாளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் லாரிகளுக்கு எடை போடும் வேலை. மஸ்கட்டில் இருந்த தம்பி சாமுவேல் இரண்டு வருஷத்துக்கு முன் ஊருக்கு வந்தபோது ஒரு மெட்டல் டிடெக்டர் கொண்டுவந்து கொடுத்தான். நீளக் கம்பு, அடியில் தட்டு மாதிரி ஒரு வளையம். மண்ணுக்குள் ஒரு சாண் ஆழம்வரை உலோகம் எது இருந்தாலும் 'பீப்' என்று கத்தும். அதிலிருந்து அவளுக்கு அதே பைத்தியம். ஞாயிறு ஜெபம் முடிந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அறுப்பு முடிந்த கழனிகளில் இறங்கிவிடுவாள். நவாபு காலத்துக் காசு, கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு, மாட்டு மணி என்று ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையச் சேர்த்து வைத்திருந்தாள்.

அந்த வருஷம் ஜூனில் அக்காவும் தம்பியும் பணம் போட்டு, அக்கா பெயரில் முசரவாக்கத்தில் ஒரு ஏக்கர் வாங்கினார்கள். விற்றவர் கைலாசம். மரியம்மாளின் அப்பா கூலிக்கு உழைத்த அதே கழனி. அப்பா ஒருநாளும் சொல்லாத சேதி, கிரயம் முடிந்த பிறகுதான் வந்தது. ஈசானி மூலையில் பத்து சென்ட், யாரும் ஏர் ஓட்டாத இடம்.

நடவுக்கு ஆள் கூட்டி வரும் செல்லியம்மாள் வெளிப்படையாகவே சொன்னாள்.

"உச்சி வேளையில அங்க யாரோ நடந்துக்கினு இருக்காங்கமா. கண்ணுக்குத் தெரியாது. சத்தம் மட்டும் கேக்கும். எங்க பொம்பளைங்க அந்தக் கழனியிலயே கால் வெக்க மாட்டாங்க."

நடவு ஆள் வராவிட்டால் அந்தப் போகமே போச்சு. கைலாசம் சைக்கிளை நிறுத்தி, பாதி விலைக்குத் தானே திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். பாவம் பார்ப்பவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

மரியம்மாளுக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. செல்லியம்மாளிடம் போனாள்.

"ஞாயித்துக்கெழம பன்னெண்டு மணிக்கு நான் அங்க நிக்கிறேன். நீங்க வரப்புல நின்னு பாருங்க. நான் முழுசா திரும்பி வந்தா நடவுக்கு வரணும்."

செல்லியம்மாள் "சரிமா" என்றாள்.

பதினொன்று நாற்பதுக்கு மரியம்மாள் மிஷினும் கையுமாக மூலையில் இறங்கினாள். எப்படியும் நிற்கப் போகிறோம், காசு ஏதாவது கிடைக்குமா பார்ப்போம் என்ற எண்ணம்தான். பதினொன்று ஐம்பதுக்கு ஒரு துருப்பிடித்த லாடம் கிடைத்தது. தூக்கிக் காட்டினாள். வரப்பில் யாரும் சிரிக்கவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள். அப்போதுதான் கவனித்தாள். ஆகஸ்ட் வெயில், மண் கொதிக்க வேண்டும். இங்கே சில்லென்று இருந்தது. கிணற்றுப் படியில் கால் வைத்த மாதிரி.

பன்னிரண்டு நாலு.

பீப்.

குனிந்து களைக்கொட்டால் கொத்தினாள். ஒன்றும் இல்லை. மறுபடி வளையத்தைக் காட்டினாள். சத்தம் வரவில்லை. உலோகம் நகராது. இரண்டு வருஷத்தில் ஒருதரம்கூட நகர்ந்ததில்லை.

ஓர் அடி தள்ளி... பீப். இடது பக்கம்.

இன்னும் ஓர் அடி தள்ளி... பீப். வலது பக்கம்.

இடது... வலது... இடது...

அவள் நடந்தால் அதுவும் நடந்தது. நின்றால் நின்றது.

வேண்டுமென்றே வேகமாக நாலு எட்டு வைத்தாள். பீப் பீப் பீப் பீப்.

நின்றாள்.

அது நிற்கவில்லை. இன்னும் ஒரே ஓர் அடி எடுத்து வைத்தது. அவளை நோக்கி.

இப்போது இரண்டு சத்தமும் அவள் கால்களுக்கு அடியில். வலது காலுக்கு ஒன்று. இடது காலுக்கு ஒன்று.

மிஷினை அணைத்தாள். ஹெட்போனைக் கழற்றினாள்.

பன்னிரண்டு பதினொன்று.

டொம்.

சத்தம் காதில் கேட்கவில்லை. உள்ளங்காலில் கேட்டது.

இடது காலைத் தூக்கினாள். வலது காலில் மட்டும்... டொம்.

ஓடிவிடலாம். இருபது எட்டில் வரப்பு. ஓடினால் கழனி போச்சு.

தூக்கிய காலை அதே இடத்தில் வைத்தாள்.

"எங்கப்பன் நாப்பது வருஷம் இந்தச் சேத்துல நின்னாரு," என்றாள். "இப்ப இது என்னுது. நீ யாரா இருந்தாலும் சரி. நான் போவமாட்டேன்."

காலை ஓங்கி மூன்று முறை மிதித்தாள்.

ஒரு நொடி.

கீழிருந்து மூன்று.

பிறகு... ஒன்றுமே இல்லை. மண் மெல்லச் சுடத் தொடங்கியது.

களைக்கொட்டை அந்த இடத்திலேயே ஆழமாகக் குத்தி நட்டுவிட்டு, மெதுவாக, ஓடாமல், வரப்புக்கு வந்தாள். செல்லியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ மிதிச்சு நிறுத்துன அப்புறமும் மண்ணு குதிச்சுதுமா. மூணு தபா."

"தெரியும். நடவுக்கு வருவியா மாட்டியா?"

செல்லியம்மாள் அந்த மூலையைப் பார்த்தாள். மரியம்மாளைப் பார்த்தாள்.

"மொத நாத்து நீ வெக்கணும்."

"வெக்கிறேன்."

செவ்வாய்க்கிழமை டிராக்டர் வந்தது. களைக்கொட்டு நின்ற இடத்தில் கலப்பை எதிலோ மாட்டி நின்றது. தோண்டினார்கள். ஒரு சாண் ஆழத்தில் இரண்டு இரும்பு வளையங்கள். உள்ளே எலும்பு. மரியம்மாளே போய்ப் போலீசுக்குச் சொன்னாள். அவர்கள் இரண்டு நாள் தோண்டினார்கள். மிகவும் பழையது, நூறு வருஷத்துக்கு மேல் இருக்கும் என்று எழுதிக்கொண்டு எடுத்துப் போனார்கள். யார், எதற்காக, யாருக்கும் தெரியவில்லை. அன்று அது எப்படி நடந்தது என்பதும் தெரியவில்லை.

அடுத்த வாரம் ஈசானி மூலையில் முதல் நாற்றை மரியம்மாள்தான் நட்டாள். பின்னால் ஆறு பெண்கள் இறங்கினார்கள். அந்த ஏக்கர் இன்றும் அவள் பெயரில்தான் இருக்கிறது. வருஷம் தவறாமல் விளைகிறது.

தோண்டிய இரண்டு நாளும் அவள் குழி ஓரத்தில் நின்றிருந்தாள். அங்கே பார்த்த ஒன்றை மட்டும் பல வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. வளையங்கள் கணுக்காலில் பூட்டியவை. அவை மேலே கிடந்தன. அதற்குக் கீழே முழங்கால். அதற்கும் கீழே இடுப்பு. தோண்டத் தோண்ட உடம்பு நேராகக் கீழே இறங்கிக்கொண்டே போனது. மண்டை ஓடு கிடைத்தபோது ஆள் மூழ்கும் ஆழம்.

அவள் நின்று மிதித்த அதே இடத்தில், ஒரு சாண் மண்ணுக்கு அடியில், இரண்டு உள்ளங்கால்கள் மேலே பார்த்திருந்தன.