மதிலடி மணி

காத்தான்குடியில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளை அங்கே போய் வாழ்பவன். கம்பியூட்டர் திருத்தும் றிஸானும் மனைவி ஸாதியாவின் கடற்கரை வீட்டில்தான் வாழ்ந்தான். சுனாமி வந்த காலையில் மகளைத் தூக்கிக்கொண்டு இருவரும் ஓடித் தப்பினார்கள். பின்னறையில் காய்ச்சலோடு உறங்கிக்கிடந்த ஸாதியாவின் தாய் ஆசியா உம்மா தப்பவில்லை.

வீடு இடியாமல் நின்றது. ஆனால் ஸாதியா மகளோடு அக்கா வீட்டில் தங்கிவிட்டாள். றிஸான் கடையில் படுத்தான். வீட்டுக்குக் கூப்பிட்டபோதெல்லாம் அவள் ஒன்றே கேட்டாள்.

"திரும்பக் கடல் வந்தா ஆரு சொல்லுவாங்க?"

பேசித் தீர்க்கத் தெரியாத ஆள் றிஸான், எதையாவது செய்துவைப்பான். வீட்டு மதிலடியில் ஒரு மிதவை வைத்து, தண்ணீர் ஏறி அது எழுந்தால் மணியடிக்கும்படி பழைய கம்பியூட்டருக்கு வயர் இழுத்தான். கடல் மதில்வரை வந்த பிறகு மணி எதற்கு என்று ஊர் சிரித்தது. ஸாதியா வந்தால் போதும் அவனுக்கு.

அந்தக் கம்பியூட்டரை இயக்கும் லினக்ஸின் மையமான கேர்னலுக்கு மிதவை என்றால் என்னவென்று தெரியாது. மிதவையை அதற்குப் புரியவைக்க ஒரு ட்ரைவர் எழுதினான். இனி மிதவையும் ஒரு கோப்புத்தான்: திறக்கலாம், ஓர் எழுத்து வாசிக்கலாம், மூடலாம். மணியடிக்கும் புரோகிராம் அதை வாசிக்க வரும். தண்ணீர் இல்லாவிட்டால் ட்ரைவர் அந்தப் புரோகிராமை உறங்க வைக்க வேண்டும், தண்ணீர் ஏறியதும் எழுப்ப வேண்டும்.

சோதித்துப் பார்க்க ஸாதியாவை அழைத்தான். அவள் மிதவையடியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். மிதவை எழுந்தது. மணி அடிக்கவில்லை.

றிஸான் எழுதியதைத் திரும்ப வாசித்தான்.

"உறங்க வச்சிருக்கன். எழுப்புற வரிய எழுத மறந்துட்டன்."

ஸாதியா வாளியைக் கீழே வைத்தாள்.

"அண்டைக்கு உம்மாவ நீங்க எழுப்பிட்டீங்கெண்டு நினைச்சன்."

"நீ எழுப்பிட்டாயெண்டு நான் நினைச்சன், புள்ள."

அதுவரை இருவரும் இதை வாய்திறந்து சொன்னதில்லை. ஸாதியா மதிலில் சாய்ந்து அழுதாள். றிஸானும் அழுதான்; அந்த வரியை எழுதி முடித்துவிட்டுத்தான் அழுதான், ஆள் அப்படி.

மணி அடித்தது. கொஞ்ச நாளில் பாயும் சட்டிபானையும் வீடு வந்து சேர்ந்தன. கூடவே ஒரு வழக்கமும் வந்தது: யாரை எழுப்பினாலும் மற்றவருக்குச் சத்தமாகச் சொல்ல வேண்டும், கேட்டவர் பதில் சொல்ல வேண்டும்.

சில வருஷம் கழித்து, யுத்தம் முடிந்ததென்று தெருவில் வெடி கொளுத்திய பகலில் மகள் பின்னறையில் உறங்கிக்கொண்டிருந்தாள். என்ன சத்தமென்று யாரும் வந்து சொல்வதற்கு முன்பே ஸாதியா அங்கே ஓடினாள்.

"எழுப்பிட்டன்!" என்று கத்தினாள்.

"கேட்டுட்டு!" என்று கிணற்றடியிலிருந்து கத்தினான் றிஸான்.