ஆயிரத்து நூற்று இருபது

ஆசிட்டின் வீரியம் அளக்கும் கருவியின் ரப்பர் குமிழை அவர் அழுத்தி விடுகிறார். பேட்டரியின் ஆசிட் கண்ணாடிக் குழாயில் ஏற, உள்ளிருக்கும் மிதவை தள்ளாடி ஒரு கோட்டில் நிற்கிறது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒரு கண்ணை மூடிப் படிக்கிறார்.

"ஆயிரத்து இருநூத்தி அறுபது. இவன் பனிக்குப் பயப்பட மாட்டான்."

பேட்டரி எல்லாமே அவருக்கு 'இவன்'தான். பனி கொட்டும் இந்த வடக்கு மலையூர் மருத்துவமனையின் ஆம்புலன்ஸ் கொட்டகையில் இப்படிப் பன்னிரண்டு பேர். ஓட்டுநர்களான எங்களுக்கு அவர் ஆசிட் அண்ணன். தெறித்த ஆசிட் அவர் கால்சட்டையைச் சல்லடையாக்கியிருக்கிறது. "காத்தோட்டமா இருக்குல்ல?" என்பார்.

ஆசிட் கூட உறையுமா என்று ஒருமுறை கேட்டேன்.

"வீரியமா இருந்தா லேசுல உறையாது தம்பி. சார்ஜ் இறங்க இறங்க வீரியம் செத்து, தண்ணி மாதிரி ஆயிடும். அப்புறம் ஒரு ராத்திரிக் குளிர் போதும், கல்லாயிடும்."

மூன்று குளிர்காலங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை மாலை. என் வண்டியின் பேட்டரியில் மிதவை ஆயிரத்து நூற்று இருபதில் நின்றது, சார்ஜ் தீரப்போகும் அளவு. சார்ஜ் ஏற்றக் கம்பியை எடுத்தவருக்கு வீட்டிலிருந்து அழைப்பு. தலை சுற்றுகிறது, சீக்கிரம் வாருங்கள் என்றார் மனைவி. "இவன திங்கக்கிழமை பாத்துக்கலாம்" என்று கிளம்பிவிட்டார். பக்கத்தில் நின்றிருந்த நானும் தலையாட்டினேன்.

அன்றிரவு கடுங்குளிர், பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து டிகிரி. ஞாயிறு விடிகாலையில் அவர் மனைவி நினைவிழந்து விழுந்தார். அண்ணன்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். சாவியைத் திருப்பியவன் நான். 'டிக்' என்ற சத்தத்தோடு சரி. பேட்டரிக்குள் பனிக்கட்டி, பெட்டி விரிசல் விட்டிருந்தது. மற்ற வண்டிகள் வெளியே போயிருந்தன. ஊரின் மறுகோடியிலிருந்து ஒன்று வந்துசேர நாற்பது நிமிடம் ஆயிற்று. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அலுவலகத்தில் யாரும் அவரைக் கேட்கவில்லை. மகள் கேட்டாள்.

"அந்த வண்டிய நீங்க பாக்கலையாப்பா?"

"பாத்தேம்மா. திங்கக்கிழமைன்னு விட்டுட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். அதன்பின் அவள் அப்பா வீட்டுப் படியேறவில்லை. சனிக்கிழமை மனைவி அழைத்ததைச் சொல்லியிருக்கலாமே என்று நான் ஆதங்கப்பட்டேன்.

"சொன்னா, பழி அவ மேல விழுந்த மாதிரி ஆயிடும். அவளே இல்ல, எதுக்கு?" என்றார். பிறகு குழாயைக் கழுவப் போய்விட்டார்.

போன வாரம் மகள் தன் பழைய காரோடு கொட்டகைக்கு வந்தாள். காலையில் இரண்டு முறை முக்கித்தான் கிளம்பியதாம். அதையும் என்னிடம்தான் சொன்னாள். அவர் பேட்டரியின் ஆறு மூடியையும் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். சார்ஜ் ஏறும்வரை அவள் பெஞ்சின் ஒரு கோடியில், அவர் மறு கோடியில். அந்தச் சனிக்கிழமை அழைப்பைச் சொல்லிவிட நான் வாய் திறக்கப் போனேன். கண்ணாலேயே அடக்கினார்.

"இனிமே தைரியமா போலாம்மா."

அவள் தலையசைத்துவிட்டு ஏறிக் கதவைச் சாத்தினாள். இன்ஜின் ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. அவளுடைய சால்வையின் நுனி கதவிடுக்கில் சிக்கி வெளியே தொங்கியது. அண்ணன் கைகளைத் துணியில் அழுந்தத் துடைத்துக்கொண்டு போய்க் கண்ணாடியைத் தட்டினார். அவள் கதவைச் சற்றே திறந்தாள். குனிந்து சால்வை நுனியை உள்ளே அவள் மடியில் எடுத்து வைத்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.