அந்தோணி அண்ணன் வாங்கிய இரண்டு டேபிள் சா

1. பொட்டு வைத்த கார்டு

வண்ணாரப்பேட்டையில் மரவேலை மெஷின் விற்கும் கடையில் நான் சேர்ந்த முதல் நாளே முதலாளி என்னைத் திருவொற்றியூருக்கு அனுப்பினார். பேக்கிங் கேஸ் அடிக்கும் பட்டறை ஒன்றில், மேஜை நடுவில் வட்ட ரம்பம் சுழலும் டேபிள் சா ஒன்று புதிதாக இறக்கியிருந்தோம். மெக்கானிக் பூட்டும்போது கூட நின்று பார்த்துக் கற்றுக்கொள் என்றார். மெக்கானிக் அரை நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பூட்டி முடித்தார். பட்டறைக்காரர் வந்தார். பிளேடுக்கு மேல் இருந்த மூடியை, அதாவது கார்டை, முதல் வேலையாகக் கழற்றிச் சுவரில் ஆணியடித்து மாட்டினார்.

அந்தச் சுவரில் ஏற்கெனவே வரிசையாகக் கார்டுகள் தொங்கின. போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் எல்லாவற்றிலும் காய்ந்து ஒட்டியிருந்தன. கீழே பிளேடுகள் அம்மணமாக ஓடிக்கொண்டிருந்தன. விம்கோ நகரானாலும் மணலி புதுநகரானாலும் பட்டறைகளில் இதுதான் வழக்கம் என்று போகப் போகத் தெரிந்தது. கார்டு போட்டு அறுப்பவனைப் பார்த்தால் வேலைக்குப் புதுசு என்று சிரிப்பார்கள். சிரிப்பவர் கையைப் பார்த்தால் விரல் குறைவாக இருக்கும்.

இப்போது கடையில் நான்தான் சீனியர். பட்டறைக்காரர்களைவிட, மொட்டைமாடியில் ஷெட் போட்டுச் சொந்தமாக மரவேலை செய்ய ஆசைப்படுகிறவர்கள்தான் அதிகம் வருகிறார்கள். எந்த டேபிள் சா நல்லது என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். புதிதாகச் சேர்ந்த சேல்ஸ் பிள்ளைகளும் என்னை அதையே கேட்கிறார்கள். அதற்கான பதிலை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எந்த கம்பெனி டிரெய்னிங்கும் இல்லை. ராயபுரம் பிலோமினா அக்கா.

2. பத்து விரல்

பிலோமினா அக்காவின் வீட்டுக்காரர் அந்தோணி அண்ணன். ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிடையர் ஆனவர். ஞாயிறு பூசையில் கீபோர்டு வாசிப்பார். கோயில் கீபோர்டு நிற்கும் இரும்பு ஸ்டாண்டு ஆடுகிறது, மரத்தில் நானே ஒன்று செய்து தருகிறேன், திருவிழாப் பூசைக்கு அதில் வைத்துத்தான் வாசிப்பேன் என்று ஃபாதரிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். பங்குச் சனத்திடமெல்லாம் சொல்லியும் விட்டார். அதற்காகத்தான் மெஷின். ஒரு ஸ்டாண்டு செய்ய ஒரு மெஷின் வாங்கும் புண்ணியவான்களை நம்பித்தான் எங்கள் கடை ஓடுகிறது.

முதலாளி, ஷோரூமில் ஒரு மூலையில் தூசி தின்றுகொண்டிருந்த பெரிய த்ரீ பேஸ் மெஷினை அண்ணன் தலையில் கட்டப் பார்த்தார். வீட்டில் இருப்பது சிங்கிள் பேஸ் லைன், இது ஓடவே ஓடாது என்று நான் சொன்னேன். என்னை முறைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பிறகு நான் வழக்கமான பாடத்தை ஒப்பித்தேன். பலகையை ஒட்டித் தள்ளும் ஃபென்ஸ் கோணாமல் நிற்க வேண்டும், மோட்டார் திணறக் கூடாது, மேல்தகடு மட்டமாக இருக்க வேண்டும். அண்ணனுக்கு மோட்டார் என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. வீட்டு லைனில் ஓடக்கூடியவற்றில் பெரிய மோட்டார் உள்ளதைக் கைகாட்டினார். நல்ல மெஷின்தான். ஆனால் அதன் கார்டைக் கழற்றவும் மாட்டவும் ஸ்பேனர் வேண்டும், குனிந்து பிளேடுக்குப் பின்னால் கையை விட வேண்டும்.

கூட வந்திருந்த அக்கா என்னிடம் வந்தார்.

“மெஷினு எது வேணா வாங்கிகினு போவட்டும். உள்ள போற வெரலு பத்தும் வெளிய வருமா? அத்த மட்டும் சொல்லு.”

“கார்டக் கழட்டாம ஓட்டுனா வரும்க்கா.”

“கழட்ட மாட்டாரு. நான் பாத்துக்கறேன்” என்றார்.

3. பறந்த பலகை

திருவிழாவுக்கு முந்தின வாரம் கடை வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அக்கா முதலில் இறங்கினார். பின்னால் அண்ணன், போர்வை சுற்றிய ஒரு நீளமான பொருளைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தார். ஆட்டோவுக்குள் எங்கள் மெஷின் இருந்தது. அக்கா பில்லிங் மேஜைமேல் போர்வையை விரித்தார். உள்ளே கோயில் கீபோர்டு. நடுவில் சில கட்டைகள் பெயர்ந்து, ஓடு விரிந்து, குடல் தெரியக் கிடந்தது.

நடந்ததை இருவரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். ஸ்டாண்டின் பக்கப் பலகையில் அண்ணன் ஒரு காடி எடுக்க வேண்டியிருந்தது. காடி என்றால் பலகையை இரண்டாக அறுக்காமல் மேலோட்டமாக ஒரு பள்ளம் வெட்டுவது. அதற்குக் கார்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அதில் அண்ணன் மேல் தப்பில்லை. காடி முடிந்ததும் திரும்ப மாட்டப் போனார். ஒரு போல்ட் உருண்டு மரத்தூளுக்குள் ஒளிந்துகொண்டது. இன்னொன்று மரை ஏறவில்லை. ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டியில் தோல் போனது. கடைசியில் அண்ணன் ஊர் வழக்கத்தைக் கடைப்பிடித்தார். ஷெட்டில் இருந்த இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்துக் கார்டை மாட்டிவிட்டார். படத்தைச் சுற்றியிருந்த சீரியல் பல்பை அதற்கும் ஒரு சுற்றுச் சுற்றினாராம்.

அந்த மெஷினில் கார்டும் அதன் பின்தகடும் ஒரே பீஸ். அறுபட்ட பலகை மறுபடி மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வாமல் நடுவில் நிற்பது அந்தத் தகடுதான். அதுவும் சேர்ந்து சுவரில் தொங்கியது. அண்ணன் அறுத்ததோ, கப்பலில் சரக்குக்கு அடியில் முட்டுக்கொடுத்து வந்த பலகை. ஹார்பர் மரம் எத்தனை கடல் தண்ணீர் குடித்து, எத்தனை வெயிலில் முறுக்கிக்கொண்டதோ யாருக்குத் தெரியும். பாதி அறுக்கும்போதே அது வாயை மூடிப் பிளேடைக் கவ்வியது. பிளேடு அதைத் தூக்கி எறிந்தது. அண்ணன் கொஞ்சம் ஒதுங்கி நின்றிருந்ததால் இடுப்போரமாகப் பறந்து, அளவெடுப்பதற்காகப் பின்சுவரில் சாய்த்து வைத்திருந்த கீபோர்டில் போய்க் குத்தியது.

அண்ணன் சட்டையைத் தூக்கிக் காட்டினார். பலகை உரசிப் போன இடம் கன்றிக் கறுத்திருந்தது. கொஞ்சம் இந்தப் பக்கம் வந்திருந்தால் அக்கா அன்று கடைக்கு வந்திருக்க மாட்டார்.

4. அக்கா வைத்த பரீட்சை

முதலாளி கீபோர்டைப் பார்த்ததுமே முந்திக்கொண்டார். கீபோர்டுக்கெல்லாம் வாரண்டி கிடையாதும்மா என்றார்.

“அத்த யாரு கேட்டா? இந்த மெஷின நீயே வச்சுக்க. வேற குடு” என்றார் அக்கா.

அண்ணன் தலை குனிந்தபடியே சொன்னார். “எனக்கு மெஷினே வேணாம் பிலோ. ஃபாதராண்ட மாப்பு கேட்டுக்கறேன். இனிமே வாசிக்கவும் போவல.”

அக்காவுக்கு அப்போதுதான் உண்மையிலேயே கோபம் வந்தது. “கீபோர்டு ஒடஞ்சா ரிப்பேரு பண்ணிக்கலாம். ஊரெல்லாம் சொல்லிட்டு இப்ப வூட்ல குந்திகினு இருப்பியா? ஸ்டாண்ட செஞ்சு முடிக்கிற. அதுமேல வச்சு வாசிக்கிற.” பிறகு என் பக்கம் திரும்பி ஒரு ஸ்பேனர் கேட்டார். வாங்கி அண்ணன் கையில் வைத்தார். ஷோரூமில் இருந்த மெஷின்களைக் காட்டினார்.

“ஒவ்வொண்ணா கார்டக் கழட்டு. திரும்பி மாட்டு.”

முதல் மெஷினில் கழற்றுவது சுலபமாகப் போயிற்று. மாட்டும்போது அண்ணன் அந்த போல்டின் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். அக்கா அடுத்ததைக் காட்டினார். அதில் மெஷின் செய்த கம்பெனியின் பரம்பரையையே இழுத்தார். முதலாளி நப்பாசையோடு தன் த்ரீ பேஸைக் கைகாட்ட, அதை மாட்டும்போது வந்த வார்த்தைகள் முதலாளிக்கே போய்ச் சேர்ந்தன. ஹார்பரில் வேலை செய்தவர், வசவுக் கையிருப்புக்குக் குறைவில்லை. தெருவில் போனவர்கள் வாசலில் நின்று கேட்க ஆரம்பித்தார்கள். கூட்டத்தைப் பார்த்து மிரண்ட முதலாளி, எது வேண்டுமோ எக்ஸ்சேஞ்ச் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள் என்று கும்பிட்டார்.

கடைசியாக ஓரத்தில் ஒரு சின்ன மெஷின். மோட்டாரும் சிறியது. அதன் கார்டுக்கு ஸ்பேனரே தேவையில்லை. ஒரு நெம்புகோலைத் தூக்கினால் கழன்றுவிடும், வைத்து அழுத்தினால் உட்கார்ந்துவிடும். பின்தகடு தனி, காடி எடுக்கும்போது கொஞ்சம் கீழே இறக்கிவிட்டால் போதும். அண்ணன் கழற்றினார், மாட்டினார். வாய் திறக்கவில்லை. யாரும் சொல்லாமலே இன்னொரு முறை கழற்றி மாட்டினார்.

“இத்த பில்லு போடு” என்றார் அக்கா.

திருவிழாப் பூசைக்கு நானும் போயிருந்தேன். ஸ்டாண்டு அசையாமல் நின்றது. மேலே கீபோர்டு, நடுவில் டேப் ஒட்டி. செத்த கட்டைகளின் சுரம் வரும் இடத்தில் சங்கீதம் பள்ளத்தில் விழும், பாடுகிறவர்கள் அந்த இடத்தில் கத்தி ஒப்பேற்றினார்கள். அக்கா பாட்டைக் கவனிக்கவே இல்லை. அண்ணன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

எந்த மெஷினிலும் கார்டு ஒரு நாள் கழன்றுதான் தீரும். திரும்ப ஏறுமா என்பதில்தான் விரல் இருக்கிறது. அதனால் இப்போதெல்லாம் எந்த டேபிள் சா நல்லது என்று யாராவது கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. ஸ்பேனரைக் கையில் கொடுத்துவிட்டு, அவர் வாயைக் கவனிக்கிறேன்.