இஞ்ஞாசி பாஸ் கரட் பிடித்த கதை

மேசன் இஞ்ஞாசிக்குக் கைவிரல்கள் பத்தும் இருந்தன. ரேகை மட்டும் ஒன்றிலும் இல்லை. முப்பத்தாறு வருடம் சீமெந்தையும் சுண்ணாம்பையும் வெறுங்கையால் குழைத்ததில் விரல் நுனியெல்லாம் காய்ந்து, தோல் தடித்து, ஆற்றுக்கல் மாதிரி வழுவழுத்துப் போயிருந்தது. கொதிக்கிற சட்டியைத் துணியில்லாமலே அடுப்பிலிருந்து இறக்கிவிடுவார். மனைவி சவரியம்மா, "இங்கேருங்க, பருப்பு வெந்திருச்சு" என்று குரல் கொடுத்தால், இறக்கி வையுங்கள் என்று அர்த்தம்.

பிறந்தது வஹகோட்டை. கல்யாணம் முடித்து வந்து குடியேறியது யட்டவத்தை. இரண்டு ஊரிலும் அவரை இஞ்ஞாசி பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். கைவேலை தெரிந்தவனுக்கு அந்தப் பக்கத்தில் கிடைக்கும் மரியாதை அது.

மனிதர்கள் கொடுத்த மரியாதையை மெஷின்கள் கொடுக்கவில்லை. ஒரு தடவை தூரத்தில் மாடிக்கட்டட வேலை ஒன்றுக்குப் போயிருந்தார். வாசலில் விரல் வைத்து வேலைக்கு வந்ததைப் பதியும் மெஷின். இஞ்ஞாசி ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தார். அது வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் மேற்பார்வையாளர் கூப்பிட்டார்.

"நீங்க மூணு நாளா வேலைக்கே வரலன்னு மெஷின் சொல்லுதே, பாஸ்?"

"அப்ப அந்தச் செவுரு?" இஞ்ஞாசி தாம் எழுப்பிய சுவரைக் காட்டினார்.

மேற்பார்வையாளர் சுவரையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், "செவுரு வந்திருக்கு. நீங்க வரலியே" என்றார். அன்று பின்னேரமே இஞ்ஞாசி சாமானைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் நிம்மதியாகத்தான் போனது. போன நத்தார் பண்டிகைக்கு மகள் டயனா கண்டியிலிருந்து வந்தவள், தன் பழைய போனை அப்பாவுக்கு என்று கொடுத்தாள்.

"இதுல பழம் வெட்டுற கேம் ஒன்னு இருக்குப்பா. பழம் மேல பறந்து வரும். விரலால இழுத்தா வெட்டுப்படும். நடுவுல கறுப்பா குண்டு வந்தா மட்டும் தொட்டுறாதீங்க. அவ்வளவுதான்."

இஞ்ஞாசி கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து விரலால் இழுத்தார். அன்னாசி எழும்பியது, பப்பாசி எழும்பியது, மாம்பழம் எழும்பியது. எல்லாம் முழுசாகவே கீழே போய்ச் சேர்ந்தன. அழுத்தி இழுத்தார். சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு இழுத்தார். தேங்காயெண்ணெய் தடவி இழுத்தார். மூக்கால் தேய்த்தபோது ஒரு தோடம்பழம் வெட்டுப்பட்டது. ஆனால் மூக்கு திரையில் இருக்கும்போது கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, அடுத்து வந்தது குண்டு.

சவரியம்மா குசினியிலிருந்து வந்து ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு ஒரு சுண்டு சுண்டினாள். மூன்று பப்பாசி ஒரே கோட்டில் பிளந்தன.

"இதுவாங்க பெரிய வேல?" என்றாள்.

அன்றிலிருந்து வெட்டியவள் அவள்தான். சோறு கொதிக்கும் நேரத்துக்குள் முப்பது அன்னாசி. இஞ்ஞாசி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அழைப்பு வந்தால் அதை எடுக்கக்கூட அவர் விரல் ஆகாது. அழுகிற பிள்ளையை அம்மாவிடம் தூக்கிப்போவதுபோல் போனைத் தூக்கிக்கொண்டு அவளைத் தேடி ஓடுவார்.

"இந்தப் போனுக்கு நான் உசுரோட இல்ல, சவரி."

"எனக்கு இருக்கீங்கல்ல, அது போதும்." திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் சொல்வாள்.

ஒரு சனிக்கிழமை காலையில் சவரியம்மா பைப்படியில் இருந்தாள். இஞ்ஞாசி சம்பலுக்குக் கரட் சீவிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. டயனா. கத்திக் கூப்பிட்டும் மனைவி வரவில்லை. ஆத்திரத்தில், கையிலிருந்த கரட்டாலேயே திரையில் ஒரு குத்துக் குத்தி இழுத்தார்.

"ஹலோ, அப்பா?"

இஞ்ஞாசி கரட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அப்பா? அப்பாவா பேசுறது?"

"நான்தாம்மா. கரட்டால பேசுறேன்."

சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். பிறகு ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்தது. மண்ணிலிருந்து பிடுங்கி ஒரு வாரமான கரட்டை இந்தப் போனுக்குத் தெரிகிறது. ஞானஸ்நானம் வாங்கி, வீடு கட்டி, பெண்ணைப் பெற்று வளர்த்த தன்னைத் தெரியவில்லை. பகல் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்தார். பின்னேரம் மனது கொஞ்சம் ஆறி, கரட்டை எடுத்துக்கொண்டு கேமைத் திறந்தார்.

அப்போதுதான் அந்த விஷயம் வெளிப்பட்டது. சாந்தைக் கரண்டியால் அள்ளி மணிக்கட்டைத் திருப்பிச் சுவரில் வீசுவார்களே, அந்த வீச்சு கரட்டுக்குள் இறங்கியது. எந்தப் பழமும் தப்பவில்லை. குண்டு வந்தால், கதவுநிலையை ஒட்டிப் பூசுகிறவர் மரத்தில் சாந்து படாமல் ஒதுங்குவதுபோல் கை தானாக ஒதுங்கியது. முதல் நாளே சவரியம்மாவின் கணக்கைத் தாண்டினார்.

கரட் அரைமணி நேரத்தில் துவண்டுவிடும் என்பதுதான் ஒரே தொல்லை. ஓய்வுபெற்ற கரட்டையெல்லாம் சவரியம்மா சமைத்தாள். அந்த மாதம் முழுக்க வீட்டில் கரட் சம்பல், கரட் சுண்டல், கரட் பால்கறி. கரட் வாங்குவது ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், மரக்கறி வியாபாரி றம்ஸீனிடம். இஞ்ஞாசி ஒவ்வொன்றாக எடுத்து, நுனியைத் தடவி, வளைத்து, காதில் வைத்துத் தட்டிப் பார்ப்பார்.

"பாஸ், கரட் எடுக்கிறீங்களா, மருமகன் பாக்குறீங்களா?" என்று றம்ஸீன் கேட்டுவிட்டான். இஞ்ஞாசி உள்ளதைச் சொன்னார். றம்ஸீன் சிரித்துச் சிரித்துத் தராசைப் பிடித்துக்கொண்டான். பிறகு தன் போனை எடுத்து, கடையிலிருந்த மரக்கறி அத்தனையாலும் அதைத் தொட்டுப் பார்த்தான். அன்றைக்கு அவனுக்கு வியாபாரமே நடக்கவில்லை.

சித்திரை மாதம் விஜேந்திரன் என்ற இளைஞன் யட்டவத்தையில் போன் கடை திறந்தான். திறப்புவிழாவுக்கு அதே பழம் வெட்டுற கேமில் ஒரு போட்டி. முதல் பரிசு ரைஸ் குக்கர். ஆளுக்கு இரண்டு நிமிடம். இஞ்ஞாசி ஏழு கரட்டை ஈரத்துணியில் சுற்றிச் சவரியம்மாவின் பையில் வைத்தார். கடைவாசலில் வந்துதான் அவள் சொன்னாள்:

"நானும் பேரு குடுத்திருக்கேங்க."

சவரியம்மா நானூற்றுப் பன்னிரண்டு எடுத்தாள். கூட்டம் கைதட்டியது. இஞ்ஞாசி முறை வந்ததும் ஒரு கரட்டை எடுத்தார்.

"என்ன பாஸ் இது?" என்றான் விஜேந்திரன்.

"கரட்."

"அது தெரியுது. விரலாலதான் விளையாடணும்."

"வெரல் இருக்கு தம்பி. ஒங்க மெஷினுக்குத்தான் தெரியல." இஞ்ஞாசி கோபப்படாமல், சுண்டுவிரலில் தொடங்கி பத்து விரலையும் ஒவ்வொன்றாகத் திரையில் வைத்துக் காட்டினார். கூட்டம் பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் எண்ணியது. பத்தாவது விரலும் தோற்றதும் யாரோ ஒருத்தி, "ஐயோ பாவம்" என்றாள்.

அந்த நேரம் பார்த்து றம்ஸீன் மரக்கறிக் கூடையோடு வந்து சேர்ந்தான். "கண்ணு தெரியாதவன் கண்ணாடி போட்டு வெளையாடலாம், வெரல் தெரியாதவர் கரட் போட்டு வெளையாடக் கூடாதா? இது என்ன நியாயம்?" என்றான்.

அது சரிதான் என்று கூட்டத்துக்குப் பட்டது. அப்படியானால் நான் புடலங்காயால் விளையாடலாமா என்று ஒருவர் கேட்டார். எனக்குப் பீட்ரூட் என்றார் இன்னொருவர். கூட்டம் கலைந்துவிடுமோ என்ற பயத்தில் விஜேந்திரன் ஒரு தீர்ப்புச் சொன்னான்: எந்த மரக்கறியும் சரி, பச்சையாக இருக்கவேண்டும், சமைத்தது கூடாது, திரையில் எண்ணெய் படும். அடுத்த முக்கால் மணி நேரம் நோக்கோலும் வாழைக்காயும் பாகற்காயும் போட்டியிட்டன. றம்ஸீனின் கூடை காலியானது. ஒன்றும் நூறைத் தாண்டவில்லை.

கடைசியாக இஞ்ஞாசி. முதல் வீச்சிலேயே கூட்டம் திரையைப் பார்க்க முன்னால் நெருக்கியடித்தது. இருநூறு, முந்நூறு, முந்நூற்றெண்பது. பதினைந்து விநாடி மீதமிருக்கும்போது கரட் நடுவால் முறிந்தது.

"சவரி, இன்னொன்னு!"

சவரியம்மாவிடமிருந்து "கறுக்" என்று ஒரு சத்தம்தான் வந்தது. பதற்றம் வந்தால் அவளுக்கு எதையாவது மென்றாக வேண்டும். மிச்சமிருந்த ஆறில் நாலு போயிருந்தன; ஐந்தாவது வாயில் இருந்தது. ஆறாவது பையில் எங்கேயோ. இஞ்ஞாசி தேடவில்லை. அவளுடைய வலது கையை எட்டிப் பிடித்தார். ஆள்காட்டி விரலைக் கரண்டிக் காம்பு மாதிரி நீட்டி வைத்துக்கொண்டு வீசினார். அவள் மென்றுகொண்டே கையைத் தளர்த்திக் கொடுத்தாள். மணி அடித்தபோது நானூற்று முப்பத்தொன்று.

கூட்டம் அடங்க ஐந்து நிமிடம் ஆனது. விஜேந்திரன் தலையைச் சொறிந்தான்.

"வெரல் அக்காவோடது. வீச்சு பாஸோடது. இப்ப யாரு ஜெயிச்சது?"

சவரியம்மா விழுங்கிவிட்டுப் பேசினாள். "பெரிய மார்க் எடுத்தது என் வெரல். அதுக்கு அடுத்ததும் என் வெரல். அப்ப மொதலாவதும் நான், ரெண்டாவதும் நான்."

"அப்ப நான்?" என்றார் இஞ்ஞாசி.

ரைஸ் குக்கரையும், இரண்டாம் பரிசான போன் உறையையும் சவரியம்மா வாங்கிக்கொண்டாள். சான்றிதழில் அவள் பெயரை எழுதி, கீழே பொடி எழுத்தில் 'உதவி: இஞ்ஞாசி' என்று சேர்த்தார்கள். உதவி என்ற சொல்லை அவர் இரண்டு தரம் படித்தார். பரவாயில்லை, பெயராவது இருக்கிறது என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

கிளம்பும்போது விஜேந்திரன் அவர் போனை வாங்கிப் பார்த்தான். "பாஸ், கையுறை போட்டிருந்தாலும் தொட்டது தெரியிற மாதிரி இதுல ஒரு செட்டிங் இருக்கே. யாரும் சொல்லலையா?" இரண்டு இடத்தில் தட்டினான். "இப்ப தொடுங்க."

இஞ்ஞாசி விரலை வைத்து இழுத்தார். ஒரு மாம்பழம் இரண்டாகப் பிளந்தது. வெறும் விரல், அவருடைய விரல். அவர் அங்கேயே நின்று இன்னொன்றை வெட்டினார், அப்புறம் இன்னொன்று. கண் கலங்கியதைக் காட்டாமல், ரைஸ் குக்கரைச் சீமெந்து மூட்டை மாதிரித் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார்.

ஒரு வாரம் விரலாலேயே விளையாடினார். அறுபதைத் தாண்ட முடியவில்லை. விரல் குட்டை, வீச வீச்சு இல்லை, குண்டு வந்தால் ஒதுங்கத் தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே சந்தைக்குப் போனார்.

"போன் சரியாயிருச்சுன்னு கேள்விப்பட்டேனே, பாஸ்?" என்றான் றம்ஸீன்.

"போன் சரியாயிருச்சு. எனக்குத்தான் பழகிருச்சு."

றம்ஸீன் சிரிக்கவில்லை. அவனுக்கு இப்போது அப்படி வருகிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கரட்டை இரண்டு குவியலாகப் போட்டு மட்டை குத்தி வைத்திருந்தான்: ஒன்றில் 'கறிக்கு', மற்றதில் 'போனுக்கு'. இரண்டும் ஒரே சாக்கிலிருந்து கொட்டியதுதான். இஞ்ஞாசி இரண்டாவது குவியலுக்கு முன் குந்தி உட்கார்ந்து, முதல் கரட்டை எடுத்துக் காதில் வைத்துத் தட்டினார்.