பூச்சிக்குப் போன சர்க்கரை

எழுபதுகளில் மாமல்லபுரத்தை ஒட்டிய கடலோரப் பள்ளி ஒன்றில் நான் கைத்தொழில் ஆசிரியர். எட்டாவதுக்கு மேல் படிக்காதவன்; ராட்டை சுற்றச் சொல்லித் தருவேன். ஒரு வருஷம் தேனீ வளர்ப்பும் சேர்ந்துகொண்டது. செங்கல்பட்டிலிருந்து தேனீப் பெட்டி வந்த அன்றே, முதல் தேன் எங்கள் ஊர் முருகனுக்கு என்று பிள்ளைகள் முன்னால் வேண்டிக்கொண்டேன். தேனீ பற்றி அவர்களுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் எனக்கும்.

ஐப்பசி மழையில் பூ இல்லை. பட்டினி போட்டால் தேனீ பெட்டியை விட்டே பறந்துவிடும், சர்க்கரைப் பாகு வையுங்கள் என்று பெட்டி கொடுத்தவர் சொல்லியிருந்தார். பிள்ளைகளை வீட்டுக்கு ஒரு கைப்பிடி என்று சர்க்கரை கொண்டுவரச் சொன்னேன். ரேஷன் சர்க்கரையே அரிதாயிருந்த காலம்.

பகலில் பாகு வைத்தால் வாசனைக்கு வெளித் தேனீக்கள் கொள்ளையடிக்க வந்துவிடும். அதனால் பிள்ளைகள் போன பிறகு, பொழுது சாய்ந்து, கொட்டாங்கச்சியில் ஊற்றிப் பெட்டிக்குள் வைப்பேன். அதுவே வினையாயிற்று.

ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் தாயார், மீன் விற்கிறவள், கூடையோடு பள்ளி வாசலில் வந்து நின்றாள்.

“இன்னா வாத்தியாரே, பூச்சி தேன் குடுக்கும்னு கேட்டுகீறேன். பூச்சிக்கு நாம சக்கரை குடுக்கறத இப்பதான் கேக்குறேன்.”

“மழை விடற வரைக்கும்தாம்மா.”

“பசங்க போனப்புறம் நீ மட்டும் தனியா இன்னா பண்ணிகினு கீற? உன் வூட்டு காபிக்கு சக்கரை எங்க வாங்கற?”

“எங்க வீட்ல வெல்லக் காபிம்மா.”

“அதையும் வந்து பாத்தாத்தான் தெரியும்.”

மறுநாள் சாயங்காலம் அவளையே பாகு ஊற்றச் சொன்னேன். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஊற்றினாள். தேனீக்கள் கொட்டாங்கச்சி விளிம்பில் நெருக்கியடித்துக் குடித்தன. பார்த்தாள். சந்தேகம் தீரவில்லை, இடம்தான் மாறியது.

“அப்ப எங்க சக்கரையத்தான் தேன்னு சொல்லி முருகனுக்கு ஊத்தப் போற.”

அந்தப் பேச்சு குப்பம் முழுக்கப் பரவியது. என் பெயர் கெட்டால் கெடட்டும். சாமிக்குச் சொன்னது பொய்யாகிவிட்டால்? பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் நானே சந்தேகமாய்ப் பார்க்க ஆரம்பித்தேன். இந்தத் தேனடையில் இருப்பது பூவா, ரேஷன் கடையா? மழை விட்டதும் பாகை நிறுத்தினேன். மழைக்காலத்து அடைகளைத் தொடவே இல்லை. பங்குனியில் வேம்பு பூத்த பிறகு, பெட்டியின் மேல்தட்டில் தேனீக்கள் புதிதாகக் கட்டிய அடையிலிருந்து மட்டும் பிள்ளைகளும் நானுமாகத் தேன் எடுத்தோம்.

“ஒரு சொட்டு நாக்குல வை, நான் சொல்றேன்,” என்று அவள் வந்து கையை நீட்டினாள். சாமிக்கு முன்னால் யாரும் ருசி பார்க்கக் கூடாது, நானே பார்த்திருக்கவில்லை. மாட்டேன் என்றேன்.

“பாத்தியா, பயப்படறாரு,” என்றாள் பக்கத்தில் நின்றவளிடம்.

உத்திரத்தன்று குருக்கள் முருகன்மேல் தேனை ஊற்றினார். வழிந்ததைக் கிண்ணத்தில் பிடித்துப் பிரசாதமாகக் கொடுத்தார். அவள்தான் முண்டியடித்து முதலில் வாங்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“கசக்குது,” என்றாள். நான் கண்ணைத் திறந்தேன். கொஞ்சம் பொறுத்து, “வேப்பம்பூ,” என்றாள். மறுபடி கையை நீட்டினாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் விடவில்லை.

“தேன் நெசந்தான். அப்ப எங்க சக்கரை எங்க போச்சு?”

“நீதானேம்மா ஊத்தின?”

“நான் ஊத்தினது ஒரு நாளு. மிச்ச நாளு?”

அதைக் குடித்து மழையைத் தாண்டிய தேனீக்கள் தை மாதத்திலேயே ஆயுள் முடிந்து உதிர்ந்து போயிருந்தன; இந்தத் தேன் அவற்றின் குஞ்சுகள் சேர்த்தது. யாரைச் சாட்சிக்கு அழைப்பது? முருகனைப் பார்த்தேன். அவன் தேன் வடிய நின்றுகொண்டிருந்தான்.